பெஞ்சு மேல் ஒரு டீ கிளாஸ்

மாஸ்டர் ஆற்றித்தான் கொடுத்தார், ஆனாலும் கிளாஸைப் பிடிக்க முடியாத சூடு. பெஞ்சு மேல் வையுங்கள். அது ஆறுவதற்குள் ஒரு கேள்வி: அந்த கிளாஸ் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?

“என்ன செய்யும், சும்மாதான் இருக்கிறது” என்பீர்கள். பத்தாம் வகுப்பில் இயக்க விதிகளைப் படித்து நல்ல மார்க் வாங்கியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அசையாத பொருளின் மேல் எந்த விசையும் இல்லை என்ற நினைப்பு நமக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. படிப்பு அதன் மேல் ஒரு கை வெள்ளையடிக்கிறதே தவிர, அதைச் சுரண்டி எடுப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். கிளாஸும் டீயும் சேர்ந்து கால் கிலோ இருக்கும். பூமி அதை ஏறக்குறைய 2.5 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. கிளாஸைப் பெஞ்சில் வைத்ததால் அந்த இழுப்பு நின்றுவிடவில்லை. பெஞ்சைச் சட்டென்று உருவினால் கிளாஸ் விழும். உருவிய நொடியில்தான் பூமிக்கு இழுக்கும் ஞாபகம் வந்தது என்று சொல்ல முடியுமா? இழுப்பு எப்போதும் இருக்கிறது. அப்படியும் கிளாஸ் விழவில்லை என்றால், வேறு ஏதோ ஒன்று அதே அளவுக்கு அதை மேலே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். காற்றை விட்டுவிட்டால், கிளாஸைத் தொட்டுக்கொண்டிருப்பது பெஞ்சுதான். ஆகவே தள்ளுவது பெஞ்சு.

இந்த இடத்தில் பலருக்கு நெருடும். கை தள்ளும், எஞ்சின் தள்ளும். மரப்பலகை எப்படித் தள்ளும்? அது பாட்டுக்குக் குறுக்கே கிடக்கிறது, அவ்வளவுதானே? நியாயமான சந்தேகம். அதைவிடக் கடினமான சந்தேகம் ஒன்றும் உண்டு. கிளாஸை எடுத்துவிட்டு அங்கே ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்தால், பெஞ்சு இப்போது சுமார் 50 நியூட்டன் தள்ளியாக வேண்டும். 2.5 தள்ளினால் பை கீழே போய்விடும். 100 தள்ளினால் பை எகிறிவிடும். சரியாக எவ்வளவு தள்ள வேண்டும் என்று பலகைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அதே அரிசிப் பையை வீட்டில் ஃபோம் மெத்தை மேல் வைத்துப் பாருங்கள். மெத்தை அமுங்கும், ஓரளவு அமுங்கியதும் நின்றுவிடும். அமுங்க அமுங்க அது எதிர்த்துத் தள்ளுவது கூடிக்கொண்டே போகிறது. தள்ளுவது பையின் எடைக்குச் சமமான இடத்தில் இறக்கம் நிற்கிறது. அடுத்து பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு வாருங்கள். அதில் ஒருவர் உட்கார்ந்தால் நடுப்பகுதி கொஞ்சம் தாழ்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டீக்கடைப் பெஞ்சும் இதையேதான் செய்கிறது. தாழ்வது மயிரிழைக்கும் குறைவாக இருப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் சோதித்துவிடலாம். பெஞ்சின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறிய முகக்கண்ணாடியைப் படுக்க வையுங்கள். கடைத்தெருவில் விற்கும் லேசர் விளக்கை ஓரிடத்தில் அசையாமல் பொருத்தி, ஒளியைக் கண்ணாடி மேல் சாய்வாக அடித்து, எட்ட இருக்கும் சுவரில் விழ விடுங்கள். கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. இப்போது ஒருவரைப் பெஞ்சின் நடுவில் உட்காரச் சொல்லுங்கள். சுவரில் அந்தச் சிவப்புப் புள்ளி நகரும். அவர் எழுந்தால் பழைய இடத்துக்கே திரும்பும். பலகை வளைந்தது, வளைந்ததால் தள்ளியது, பாரம் போனதும் நிமிர்ந்தது.

ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி இதுதான்: சுருள்வில்லை எவ்வளவு நீட்டுகிறோமோ அந்த விகிதத்தில் அது திருப்பி இழுக்கும். மரம், இரும்பு, கருங்கல் எல்லாமே மிக விறைப்பான சுருள்வில்கள்தான். உள்ளே அணுக்களை அவற்றின் இயல்பான இடைவெளியைவிட நெருக்கினால் அவை முறைத்துக்கொண்டு விலகப் பார்க்கும். கோடானுகோடி அணுக்களின் அந்த முறைப்பெல்லாம் சேர்ந்துதான் உங்கள் கிளாஸுக்குக் கிடைக்கும் 2.5 நியூட்டன். பலகைக்கு யாரும் அளவு சொல்ல வேண்டியதில்லை. குறைவாகத் தள்ளினால் கிளாஸ் இன்னும் இறங்கும், இறங்கினால் தள்ளுவது கூடும்; அளவு தானாக வந்து பொருந்திக்கொள்ளும். இதற்கும் ஒரு எல்லை உண்டு. எல்லையைத் தாண்டிய பாரத்துக்குப் பலகை படீரென்று முறிந்து பதில் சொல்லும்.

ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளைத் திசையோடு சேர்த்துக் கூட்டினால் மிச்சம் பூஜ்யம் என்றால், அந்தப் பொருள் சமநிலையில் இருக்கிறது. இந்த வரையறைக்குள் ஒரு பொறி இருக்கிறது. நான் பார்த்த மாணவர்களில் பாதிக்கு மேல் அதில் கால் வைத்தவர்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், கற்பிக்கும் விதமும் அப்படித்தான். “பூமி கீழே இழுக்கிறது, பெஞ்சு மேலே தள்ளுகிறது. இரண்டும் சமம், எதிர்த்திசை. இதுதானே நியூட்டனின் மூன்றாம் விதி?” என்பார்கள்.

மூன்றாம் விதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாம் விதி சொல்லும் ஜோடி எப்போதும் இரண்டு பொருள்களுக்கு இடையிலானது. ஜோடியில் ஒன்று ஒரு பொருளின் மேலும், மற்றது மற்றப் பொருளின் மேலும் செயல்படும். பூமி கிளாஸை இழுக்கிறதா, அதன் ஜோடி கிளாஸ் பூமியை இழுப்பது. ஆமாம், உங்கள் டீ கிளாஸ் பூமியை 2.5 நியூட்டன் அளவுக்கு மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது; பூமிக்கு அது உறைப்பதில்லை என்பது வேறு விஷயம். பெஞ்சு கிளாஸை மேலே தள்ளுகிறதா, அதன் ஜோடி கிளாஸ் பெஞ்சைக் கீழே அழுத்துவது. வெவ்வேறு பொருள்களின் மேல் இருக்கும் இரண்டு விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள முடியாது. என் கணக்கில் வரவு, உங்கள் கணக்கில் செலவு என்றால் யார் கணக்கும் நேராகாது. சமநிலையைப் பார்க்க வேண்டுமானால் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் விழுகிற விசைகளை மட்டும் எண்ண வேண்டும். அது பிறர் மேல் செலுத்துவது எதுவும் கணக்கில் சேராது.

இரண்டும் வேறு என்பதை லிஃப்டில் ஏறினால் தெரிந்துகொள்ளலாம். கிளாஸைத் தட்டில் வைத்துக்கொண்டு போகிறீர்கள். லிஃப்ட் கிளம்பும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் அது விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் வேகம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கிளாஸின் எடை 2.45 நியூட்டன் என்றால், தட்டு மேலே தள்ளுவது 2.7 நியூட்டன். இரண்டும் சமமில்லை, கிளாஸ் சமநிலையில் இல்லை, அதனால்தான் வேகம் கூடுகிறது. ஆனால் தட்டு கிளாஸைத் தள்ளுவதும் கிளாஸ் தட்டை அழுத்துவதும் அப்போதும் துல்லியமாகச் சமம், இரண்டும் 2.7. மூன்றாம் விதிக்கு விடுமுறை கிடையாது. சமநிலை வரும், போகும்.

அடுத்த நொடிகளைக் கவனியுங்கள். லிஃப்ட் வேகம் பிடித்து ஒரே சீராக ஏறத் தொடங்குகிறது. மூன்றாம் மாடி, நான்காம் மாடி என்று கிளாஸ் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. தட்டு தள்ளுவது எவ்வளவு? மறுபடியும் அதே 2.45. கிளாஸ் நகர்கிறது, ஆனாலும் சமநிலையில் இருக்கிறது. நின்றுகொண்டிருப்பதும் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டிருப்பதும் விசைகளின் கண்ணுக்கு ஒன்றுதான்.

இதை நம்ப மனம் வராதவர்கள் மழையை நினைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து துளி விழுகிறது. காற்றே இல்லையென்றால் தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மழை பெய்தால் ஊரில் ஒரு வாழை இலைகூட மிஞ்சாது. உண்மையில் பெரிய துளிகூட விநாடிக்கு 9 மீட்டருக்கு மேல் போவதில்லை. தூறல் துளி இன்னும் மெதுவாக வரும். வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. தடை துளியின் எடைக்குச் சமமான கணத்தில் கணக்கு முடிந்தது. அதன் பிறகு வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உங்கள் தலையில் விழும் துளி, விழுந்துகொண்டே சமநிலையில் இருந்து வந்த துளி.

இதைத் திருப்பிப் போட்டாலும் பாடம் உண்டு. ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறியுங்கள். உச்சியில் ஒரு கணம் அதன் வேகம் பூஜ்யம். சமநிலையா? கிடையாது. அங்கே அதன் மேல் இருப்பது பூமியின் இழுப்பு ஒன்றுதான், எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. அதனால்தான் நின்ற மறுகணமே திரும்புகிறது. அசையாமல் இருக்கிறதே என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். கூட்டிக் கழித்து மிச்சம் பூஜ்யமா என்றுதான் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்ததெல்லாம் மேலும் கீழும் மட்டும். விசைகள் சாய்வாக வரும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. மொட்டைமாடிக் கொடியை எடுத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள், நடுவில் கயிறு. அதன் நடுவில் ஈரத்துணி ஒன்று, இரண்டு கிலோ, அதாவது 20 நியூட்டன். கயிறு இரண்டு பக்கமாகப் பிரிந்து தாங்குவதால் ஒவ்வொரு பக்கமும் 10 நியூட்டன் மேலே தூக்கினால் போதும். அப்படியானால் கயிற்றின் இழுவிசை 10 நியூட்டன்தானா?

அது கயிறு செங்குத்தாக நின்றால். இங்கே கயிறு ஏறக்குறையப் படுத்துக்கிடக்கிறது. கயிற்றால் தன் நீளவாக்கில் மட்டுமே இழுக்க முடியும். அந்த இழுப்பில் மேல்நோக்கிய பங்கு துளியூண்டு. நடுவில் கயிறு 25 செ.மீ. தொய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக் கயிறு 300 செ.மீ. போவதற்குள் 25 செ.மீ. ஏறுகிறது, பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆக 10 நியூட்டன் மேலே கிடைக்க, கயிறு 120 நியூட்டன் இழுக்க வேண்டும். தொய்வாக இருக்கிறதே, துணி தரையில் படுகிறதே என்று நீங்கள் கயிற்றை முறுக்கிக் கட்டுகிறீர்கள். இப்போது தொய்வு 5 செ.மீ. தான். அறுபதில் ஒரு பங்கு. இழுவிசை 600 நியூட்டன். கம்பத்தில் ஒரு ஆள் தொங்கி இழுப்பதற்குச் சமம். ஒரே ஒரு செ.மீ. தொய்வு என்றால் 3000 நியூட்டன். இரண்டு கிலோ துணிக்காகக் கயிறு 300 கிலோ பாரத்தைத் தாங்கும் பாடு படும். தொய்வே இல்லாமல், நூல் பிடித்தாற்போல நேராகக் கட்டிவிடலாம் என்றால், அதற்கு முடிவில்லாத இழுப்பு வேண்டும். துணி போட்ட கொடி உலகத்தில் எங்கேயும் நேராக இருக்காது.

கொடிக்கம்பி சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மின்கம்பங்களுக்கு இடையில் கம்பியை வேண்டுமென்றே தொய்வாக விடுவதும் இதனால்தான். குளிரில் கம்பி சுருங்கும், சுருங்கினால் தொய்வு குறையும், தொய்வு குறைந்தால் இழுவிசை எகிறும்.

இதே கணக்கை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். சேற்றில் சிக்கிய வண்டிக்கும் எதிரே நிற்கும் மரத்துக்கும் இடையே கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, கயிற்றின் நடுவில் நின்று பக்கவாட்டில் தள்ளுங்கள். கயிறு இருபதுக்கு ஒன்று சாய்கிற அளவில் நீங்கள் 200 நியூட்டன் தள்ளினால், வண்டியை இழுப்பது 2000 நியூட்டன். நேராக நின்று தனி ஆளாக அவ்வளவு இழுக்க முடியாது. ஒவ்வொரு தள்ளுக்கும் வண்டி சில விரற்கடைதான் நகரும். அதன் பிறகு கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும். பலம் கூடினால் தூரம் குறையும், இயற்கையில் இனாம் கிடையாது.

அந்த இனாம் கிடையாது என்பதை மட்டுமே வைத்துக்கொண்டு ஒருவர் சாய்தளத்தின் கணக்கையே போட்டு முடித்தார். நியூட்டனின் நூல் வெளிவந்தது 1687-இல். அதற்கு 101 ஆண்டுகள் முன்னால், 1586-இல், புரூஜஸ் நகரில் பிறந்த சைமன் ஸ்டெவின் என்ற பொறியாளர் எடைகளைப் பற்றி டச்சு மொழியில் ஒரு புத்தகம் எழுதினார். அதன் முகப்பில் ஒரு படம் இருக்கிறது. இயற்பியல் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த படங்களில் ஒன்று.

முக்கோணக் கட்டை ஒன்று, உச்சி மேலே. ஒரு பக்கச் சரிவு மறுபக்கச் சரிவைவிட இரண்டு மடங்கு நீளம். அதன் மேல் மாலை போல ஒரு வளையச் சங்கிலி. சம எடையும் சம இடைவெளியுமாக 14 மணிகள். நீளச் சரிவில் நான்கு மணிகள், குட்டைச் சரிவில் இரண்டு, மிச்சம் எட்டும் அடியில் தொங்குகின்றன. உராய்வே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளச் சரிவில் மணிகள் அதிகம். அந்தப் பக்கம் சங்கிலி நழுவுமா?

நழுவும் என்றே வைத்துக்கொள்வோம் என்கிறார் ஸ்டெவின். ஒரு மணி அளவு நழுவியது. இப்போது பாருங்கள்: நீளச் சரிவில் நான்கு, குட்டையில் இரண்டு, அடியில் எட்டு. எதுவும் மாறவில்லை. முன்பு நழுவக் காரணம் இருந்தது என்றால் இப்போதும் அதே காரணம் இருக்கிறது. அப்படியானால் சங்கிலி யுகயுகமாகத் தானே சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு மாவரைக்கும் கல்லைக் கட்டிவிட்டால் ஊருக்கே மாவு அரைத்துக்கொள்ளலாம். அது நடக்காது. ஆகவே சங்கிலி அசையாது. அடியில் தொங்கும் எட்டும் இரண்டு பக்கமும் ஒரேபோல இழுப்பதால் அவற்றை அறுத்துப் போட்டாலும் எதுவும் மாறாது. நீளச் சரிவின் நான்கு மணிகளைக் குட்டைச் சரிவின் இரண்டே மணிகள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. சரிவு எத்தனை மடங்கு நீளமோ, அத்தனை மடங்கு இழுப்பு குறைவு. ஒரு சமன்பாடு இல்லை, அளவுகோல் இல்லை, பரிசோதனைகூட இல்லை.

இனி திருப்பம். விசைகள் கூட்டிக் கழித்துப் பூஜ்யமானாலும் பொருள் சுழலலாம். குழாய்த் திருகை இரண்டு விரலால் திறக்கிறோம். ஒரு விரல் இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம், இரண்டும் சமம். கூட்டினால் பூஜ்யம், குழாய் திறந்துவிடுகிறது. ஆகவே இரண்டாவது நிபந்தனை: திருப்புவதும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். விசையை, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன்.

இதற்கான சோதனைச்சாலை நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுதான். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் காசு கொடுக்க எழுந்திருப்பார். மற்றவர் டீயோடு தரையில் இருப்பார். பெஞ்சு இரண்டு மீட்டர் நீளம், 12 கிலோ எடை. கால்கள் ஓரத்திலிருந்து 40 செ.மீ. உள்ளே தள்ளி இருக்கின்றன. 60 கிலோ ஆள் ஓரத்தில் உட்காரும்போது அவர் எடை காலிலிருந்து 25 செ.மீ. வெளியே விழுகிறது. அந்தக் காலை அச்சாக வைத்துக்கொண்டால், கவிழ்ப்பது 60-ஐ 25-ஆல் பெருக்க 1500. தடுப்பது பெஞ்சின் சொந்த எடை மட்டும். அது நடுவில், காலிலிருந்து 60 செ.மீ. தள்ளிச் செயல்படுகிறது, 12-ஐ 60-ஆல் பெருக்க 720. கதை முடிந்தது. தனியாக உட்காரும் அந்த ஆள் காலிலிருந்து 12 செ.மீ.க்கு மேல் வெளியே போகக் கூடாது. பெஞ்சின் நடுவில் 50 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தடுப்பது 3720 ஆகிவிடும். அப்புறம் ஓரத்து ஆள் நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம்.

பொருளின் எடை முழுதும் செயல்படுவதாக எடுத்துக்கொள்ளும் புள்ளி ஈர்ப்பு மையம். அதிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு பொருள் ஊன்றி நிற்கும் பரப்புக்குள் விழுகிறவரை கவிழாது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எவ்வளவு சாய்த்தாலும் எழுந்துவிடுவது, களிமண் கனத்தால் அதன் ஈர்ப்பு மையம் அடியுருண்டையின் நடுப்புள்ளிக்கும் கீழே கிடப்பதால். சாய்த்தால் அந்த மையம் உயர வேண்டியிருக்கிறது. விட்டால் இறங்கி வருகிறது.

இவ்வளவும் கையில் இருந்தால் மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைக்குப் போகலாம். பாறைச் சரிவில் சுமார் ஆறு மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு கல். தரையைத் தொடும் இடம் நான்கடிக்கும் குறைவு. வருகிறவர்கள் எல்லாரும் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடிப்பதாக போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பக்கத்துச் சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும். எடை 250 டன் என்கிறார்கள். ஆறுக்கு ஐந்து முட்டை வடிவம் என்று கணக்கிட்டு, கருங்கல்லுக்குக் கன மீட்டருக்கு 2.7 டன் போட்டால் 210 டன்தான் வருகிறது. பின்பக்கம் வேறு சிதைந்து தட்டையாக இருக்கிறது. 200 டன் என்று வைத்துக்கொள்வது நியாயம்.

ஏன் சறுக்கவில்லை? எடையில் ஒரு பங்கு சரிவின் வழியே கீழே இழுக்கிறது. ஸ்டெவினின் மணிகளைப் போல. இன்னொரு பங்கு கல்லைச் சரிவோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்துவதால் உராய்வு கிடைக்கிறது. உராய்வும் பெஞ்சைப் போலத்தான், தேவைப்படும் அளவுக்கு மட்டும் பிடிக்கும், ஒரு உச்சவரம்பு வரை. கல்லுக்கும் கல்லுக்கும் அந்த வரம்பு அழுத்தத்தில் குறைந்தது 0.6 பங்கு. அப்படியானால் சரிவு 31 டிகிரியைத் தாண்டினால்தான் கல் சறுக்கும். இதில் எடை வரவே இல்லை, கவனித்தீர்களா? எடை இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும், பிடிப்பும் இரட்டிக்கும். கூழாங்கல் நிற்கிற சரிவில் மலையும் நிற்கும். ஏன் உருளவில்லை? அது உருண்டை இல்லை. முன்னால் நின்று போட்டோ எடுப்பதால் அப்படித் தெரிகிறது. அடியில் ஏறக்குறைய நான்கடி ஊன்றல் இருக்கிறது, எடைக்கோடு அதற்குள் விழுகிறது.

1908-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி, கல் உருண்டு ஊர் மேல் விழுந்துவிடுமோ என்று பயந்து, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், கல் அசையவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, கணக்குப் போட அருமையான கதை. சரிவு 20 டிகிரி என்று வைப்போம். 200 டன்னில் 68 டன் ஏற்கெனவே கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. உராய்வின் வரம்பு 113 டன். கீழ்நோக்கிச் சறுக்க வைக்க யானைகள் மிச்சம் 45 டன்னை இழுத்தாக வேண்டும். யானைக்கு ஆறரை டன்னை ஒட்டி. ஆசிய யானையின் எடையே 3 முதல் 5 டன். அதன் காலும் தரையில் உராய்வை நம்பித்தான் ஊன்றுகிறது. தன் எடையைவிட அதிகமாக இழுக்கப் போனால் யானைதான் வழுக்கும்.

கவிழ்ப்பது தனிக் கணக்கு. எடைக்கோடு ஊன்றலின் கீழ்விளிம்புக்கு 30 செ.மீ. உள்ளே விழுகிறது என்றால், தடுக்கும் திருப்புத்திறன் 200-ஐ 0.3-ஆல் பெருக்க 60. ஆறு மீட்டர் உச்சியில் கயிறு கட்டி இழுத்தால் 10 டன் போதும், யானைக்கு ஒன்றரை டன்கூட வராது. கல் சாய்ந்திருக்கும். ஆனால் உருண்டு திரண்ட கல்லின் உச்சியில் கயிறு நிற்காது, இடுப்புக்கு வழுக்கி இறங்கிவிடும். மூன்று மீட்டர் உயரத்தில் அதே வேலைக்கு 20 டன் வேண்டும். யானைக்கு ஏறக்குறைய மூன்று டன், அதுவும் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற அந்தப் பாறையில் கால் ஊன்றி.